சித்திரம் உள்ள சுவரும் இல்லாத சுவரும்

மெல்பர்ன் நகரின் மையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், யாரா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அபட்ஸ்ஃபோர்டு கன்னியர் மடம் இருக்கிறது. 1863இல் நல்லாயன் சபையைச் சேர்ந்த அயர்லாந்து அருட்சகோதரிகள் நான்கு பேர் தொடங்கியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளி நடத்துகிற அதே சபைதான். 1975இல் அவர்கள் வெளியேறினார்கள். இன்று அங்கே ஓவியர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் வாடகைக்கு விட்ட அறைகள், ஒரு வானொலி நிலையம், ஒரு பேக்கரி, மரத்தடியில் மேசைகள். பக்கத்திலேயே குழந்தைகள் ஆடு மாடு பார்க்கும் பண்ணை. மடத்து வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் சான் மார்கோ இருக்கிறது. டொமினிக் சபைத் துறவியரின் மடமாக இருந்து 1869இல் அருங்காட்சியகமானது. அங்கே போகிறவர்கள் சுவர்களைப் பார்க்கவே போகிறார்கள். ஃப்ரா ஆஞ்சலிகோ என்ற துறவி ஓவியர் தம் உதவியாளர்களோடு 1438 முதல் 1445 வரையிலான ஆண்டுகளில் அந்த மடம் முழுக்கச் சித்திரம் தீட்டிவைத்திருக்கிறார்.

மெல்பர்னில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாத வேலையாகத் தோன்றலாம். ஒன்று மறுமலர்ச்சிக் கலையின் உச்சங்களில் வைத்துப் பேசப்படுவது. மற்றதன் சுவர்களில் பார்க்கத்தக்க ஓவியம் என்று எதுவும் இல்லை. ஆனால் பழைய மடம் ஒன்றுக்குள் நுழையும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இங்கே யார் இருந்தார்கள், எதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்?’ என்பதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டால் இரண்டு இடங்களும் ஒன்றையொன்று நன்றாகவே விளக்குகின்றன.

சான் மார்கோவின் மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில் ‘மங்கள வார்த்தை’ ஓவியம் எதிரே நிற்கிறது. வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி. அதன் கீழே, இதைக் கடந்து போகிறவர் மரியாளை வாழ்த்தாமல் போகக் கூடாது என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. அந்தச் சொற்கள் தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கிய துறவிக்குச் சொன்னவை. அங்கிருந்து தாழ்வாரங்கள் பிரிகின்றன. இரு பக்கமும் நாற்பதுக்கு மேற்பட்ட சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சன்னல், சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சித்திரம். அறைக்கு இரண்டு சன்னல்கள் இருப்பதுபோலத் தோன்றும். ஒன்று வெளியே பார்ப்பதற்கு, மற்றது உள்ளே பார்ப்பதற்கு.

ஏழாம் அறையின் சித்திரத்தை எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் கண் நின்றுவிடுகிறது. இயேசு வெள்ளை அங்கியில் அமர்ந்திருக்கிறார். கண்கள் மெல்லிய துணியால் கட்டப்பட்டிருக்கின்றன. அவரை அடிக்கிற ஆட்கள் கிடையாது. வெறும் கைகள் அந்தரத்தில் மிதக்கின்றன. ஒன்று தடி பிடித்திருக்கிறது, ஒன்று அறைய ஓங்கியிருக்கிறது. உடம்பில்லாத ஒரு தலை தொப்பியைத் தூக்கிக்கொண்டே துப்புகிறது. கீழே மரியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புனித டொமினிக் மேலே பார்க்கவே இல்லை, புத்தகத்தில் ஆழ்ந்திருக்கிறார். கூட்டத்தையும் ஊரையும் கதையையும் ஓவியர் கழித்துவிட்டார். அந்த அறையில் தனியாக இருக்கும் ஒருவன் மீதியைத் தன் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கான பயிற்சிப் படம் இது. முதல் அறையில், உயிர்த்த இயேசு மதலேன் மரியாளுக்குத் தோட்டத்தில் தோன்றுகிறார். புல்லில் இருக்கும் செம்பூக்களுக்கும் இயேசுவின் காயங்களுக்கும் ஒரே விதமான சிவப்புத் தீற்றல். தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு இது தெரியாது. வருடக்கணக்கில் அதே சுவரோடு வாழ்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சித்திரங்கள் இன்றுவரை நிற்பதற்கு அவை செய்யப்பட்ட முறையும் காரணம். ஈரமான சுண்ணாம்புச் சாந்தின் மேல் நீரில் கரைத்த வண்ணத்தை இடுகிறார்கள். சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. வண்ணம் அதற்குள் சிறைப்பட்டுவிடுகிறது. ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்கு மட்டுமே சாந்து பூச வேண்டும். அதனால் ஒரு நாள் வேலை எங்கே முடிந்தது, மறுநாள் எங்கே தொடங்கியது என்பதை, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது சாந்தின் இணைப்பில் கண்டுபிடிக்கலாம். உழைப்பின் நாள்கணக்கு சுவரிலேயே பதிந்திருக்கிறது.

அபட்ஸ்ஃபோர்டிலும் உழைப்பு நடந்தது. அது எந்தச் சுவரிலும் பதியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வளாகத்தில் சுமார் ஆயிரம் பெண்களும் சிறுமிகளும் இருந்தார்கள். அனாதைகள், நீதிமன்றமோ அரசுத் துறையோ அனுப்பிய சிறுமிகள், ‘வழி தவறியவர்கள்’ என்று குடும்பம் கொண்டுவந்து விட்ட இளம்பெண்கள். அவர்களுக்குத் தனி அறை கிடையாது. வரிசையாகக் கட்டில் போட்ட பொதுக் கூடங்கள்தான். ஒரு பிரிவினர் மற்றப் பிரிவினரோடு கலக்காதபடி மதில்கள். மடத்தின் வருமானத்துக்கு முக்கிய வழி சலவைக்கூடம். ஊரின் அழுக்குத் துணி உள்ளே வந்து, வெளுத்து, இஸ்திரி போட்டு வெளியே போனது. இப்படிப்பட்ட இல்லங்களில் சிறுமிகள் கூலியில்லாமல் வேலை செய்ததை ஆஸ்திரேலிய மேலவைக் குழு 2004இல் வெளியிட்ட ‘மறக்கப்பட்ட ஆஸ்திரேலியர்கள்’ அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் கெவின் ரட் இல்லங்களில் வளர்ந்தவர்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு மடங்களும் எதிரெதிராக நிற்கின்றன. சான் மார்கோவைப் புதுப்பித்துக் கட்டக் காசு கொடுத்தவர் வங்கி முதலாளி கோசிமோ தெ மெதிச்சி. கட்டடக் கலைஞர் மிக்கெலொட்சோவை அமர்த்தியவரும் அவர்தான். நேர்மையற்ற வழியில் சேர்ந்த செல்வம் அவர் மனத்தை உறுத்தியது என்று அவர் காலத்துப் புத்தக வணிகர் வெஸ்பசியானோ எழுதிவைத்திருக்கிறார். கோசிமோ தமக்கும் அங்கே இரண்டு அறைகள் வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்றில் மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவை வணங்கும் சித்திரம். காசு கொடுத்தவருக்குத் தம் அறை எது, தம் சித்திரம் எது என்று காட்ட முடிகிறது. அபட்ஸ்ஃபோர்டில் மடத்தைத் தாங்கியது உள்ளே இருந்த பெண்களின் கை. அவர்களில் ஒருத்தி எந்தக் கட்டிலில் படுத்தாள் என்று சொல்ல ஒரு குறியும் இல்லை.

பெயர் விஷயத்திலும் இதே கதைதான். ஃப்ரா ஆஞ்சலிகோவின் இயற்பெயர் குய்தோ தி பியெத்ரோ. சபையில் சேர்ந்தபோது ஜொவான்னி என்ற பெயரை ஏற்றார். ‘ஆஞ்சலிகோ’ பிறர் பின்னால் கொடுத்தது. 1455இல் ரோமில் இறந்தார். அவருடைய கல்லறை இருக்கிறது. 1982இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. ஒரு மனிதருக்கு மூன்று பெயர், மூன்றும் நமக்குத் தெரியும். ‘வழி தவறியவர்கள்’ எனப்பட்ட பெண்களுக்காக நல்லாயன் சபை நடத்திய மதலேன் இல்லங்களிலும் உள்ளே வந்த பெண்ணுக்குப் புதுப்பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் அவள் அதைக் கேட்டு வாங்கவில்லை. பழைய பெயர் போனதோடு அவளைத் தேடி வருகிறவர்கள் பிடிக்கும் நூலும் அறுந்தது.

இங்கே எனக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் நினைவுக்கு வருகிறது. அறிவர் கோயில் விதானத்தின் தாமரைக் குளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டம் குகை வரை ஏறுவதில்லை. அங்கே சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளில் ஒன்றில், எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இன்னார் செய்தது என்று தமிழ்பிராமியில் வெட்டியிருக்கிறது. உடைமை துறந்தவர் படுத்த கல்லில்கூட அவர் பிறந்த ஊர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு பழைய துறவிக்கு வாய்த்த இந்தச் சிறு மரியாதை, அறுபது ஆண்டுகளுக்கு முன் மெல்பர்னில் துணி துவைத்த சிறுமிக்கு வாய்க்கவில்லை என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அருட்சகோதரிகளை வில்லிகளாக்கி இதை முடித்துவிடவும் முடியாது. வேறு யாரும் வாசல் திறக்காத காலத்தில் அவர்கள் திறந்தார்கள். பசித்து வந்த குழந்தைக்குச் சோறும் பாடமும் கொடுத்தார்கள். தாங்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார்கள். அங்கே வளர்ந்தவர்களிலேயே நன்றியோடு பேசுகிறவர்களும் உண்டு, அந்தப் பக்கமே வர மறுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொல்வது உண்மை.

மடம் கைமாறிய விதத்தில் மட்டும் அபட்ஸ்ஃபோர்டு ஒரு படி மேலே என்று சொல்வேன். சான் மார்கோ 1866இல் இத்தாலிய அரசு சபைச் சொத்துகளை எடுத்துக்கொண்ட சட்டத்தால் அரசிடம் போனது. அபட்ஸ்ஃபோர்டில் 1990களின் கடைசியில் அடுக்குமாடி வீடுகள் கட்டத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2004இல் வளாகம் ஓர் அறக்கட்டளை மூலம் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2017இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் காப்பாற்றிய இடம் என்பதால்தான் அங்கே குழந்தைகள் ஓடுகிறார்கள், பாட்டுக் கேட்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. முழுக்க அருங்காட்சியகமாக்கி வாயிலில் சீட்டுக் கிழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சான் மார்கோவில் ஒரு சிறிய அறைக்குள் நின்று பார்க்கும் நிதானம் இங்கேயும் வேண்டும். தாழ்வாரத்தில் பழைய பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து, மேல் நிறத்துக்குக் கீழே வேறு நிறம் தெரிகிறது. படிக்கட்டின் நடுப்பகுதி கால்பட்டுத் தேய்ந்திருக்கிறது. பேக்கரிக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் அழகு என்று படம் பிடிக்கிறார்கள். அந்தத் தேய்வு யாருடைய கால்கள் பட்டு வந்தது என்று அருகிலேயே ஒருவர் குரலில் சொல்லக் கேட்க வேண்டும். இல்லங்களில் வளர்ந்தவர்கள் தங்கள் கோப்புகளைத் தேட ஆஸ்திரேலிய அரசு 2011 முதல் ‘ஃபைண்ட் அண்ட் கனெக்ட்’ என்ற சேவையை நடத்துகிறது. அதன் வழியாகத் தங்கள் பெயரைத் திரும்பக் கண்டுபிடித்தவர்கள், ‘எழுதலாம், என் பெயரைச் சுவரில் எழுதுங்கள்’ என்று சம்மதித்தால், அபட்ஸ்ஃபோர்டில் அதற்குச் சுவருக்குப் பஞ்சமில்லை. 1960களில் அங்கே சிறுமிகளாக இருந்தவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். கேட்பதாக இருந்தால் இந்த ஆண்டே கேட்க வேண்டும்.