நைல் நதியின் மறைந்த கிளை

நைல் நதியை வரைந்து காட்டுமாறு கூறினால், நம் மாணவர் அது கடலை அணுகுமிடத்தில் இரண்டு கிளைகளையே வரைவர். மேற்கே உள்ளது ரொசெற்றாக் கிளை. கிழக்கே உள்ளது டமியெற்றாக் கிளை. இன்றைய நிலைக்கு அது சரியே. ஆனால், கிறிஸ்துவுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரொடோட்டஸ் நைலுக்கு ஏழு முகத்துவாரங்களைக் கூறுகின்றார். அவற்றுள் கீழ்க்கோடியில் இருந்தது பெலூசியக் கிளை. செங்கடலுக்குச் செல்லும் பழைய கால்வாய் தொடங்கியதும் இக்கிளையிலிருந்தே. ஆதலால் அதன் வரலாறு ஓர் ஆற்றின் வரலாறு மட்டுமன்று.

கிளையின் கரையில் இருந்த பெருநகர் புபாஸ்திஸ். பூனை முகமுடைய பாஸ்தெத் என்னும் தேவிக்கு அங்கே கோயில் இருந்தது. திருவிழாக் காலத்தில் ஆணும் பெண்ணும் படகுகளில் நெருங்கி அமர்ந்து, சிலர் குழலூத, சிலர் கைதட்டிப் பாட, கரையோர ஊர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு ஆற்றின் வழியே வருவராம். ஹெரொடோட்டஸ் கூறும் அடியார் தொகை ஏழு இலட்சம்! அதனை அப்படியே ஏற்றல் அரிது. எனினும், கூட்டங்கூட்டமாக மக்களைச் சுமந்து செல்லத்தக்க நீர்வழியாக அக்கிளை விளங்கியது என்பதில் ஐயமில்லை.

அந்நகருக்குச் சற்று மேலிருந்து கிழக்கே, வாதி துமிலாத் என்னும் தாழ்ந்த பள்ளத்தாக்கின் வழியாகக் கால்வாய் வெட்டத் தொடங்கியவன் இரண்டாம் நெக்கோ என்னும் மன்னன். அவன் ஆட்சி கி. மு. 610 முதல் 595 வரை. பள்ளத்தாக்கைக் கடந்த கால்வாய் தெற்கே திரும்பிச் செங்கடலை அடைய வேண்டும். இவ்வேலையில் ஓர் இலட்சத்து இருபதினாயிரம் எகிப்தியர் மாண்டனர் என்கின்றார் ஹெரொடோட்டஸ். இவ்வெண்ணும் மிகையாயிருக்கலாம். ஆனால், மன்னன் வேலையை நிறுத்தியதற்கு அவர் கூறுங் காரணத்தைக் கவனியுங்கள், நேயர்களே. மாண்டவர்களுக்காக அவன் நிறுத்தவில்லை. 'நீ அந்நியனுக்காக வெட்டுகின்றாய்' என்று தெய்வவாக்கு எச்சரித்தமையாலேயே நிறுத்தினானாம்.

அந்நியன் வந்தே விட்டான். கி. மு. 525இல் பாரசீக மன்னன் கம்பீசஸ், இதே கிளை கடலிற் கலக்கும் பெலூசியத்தில் எகிப்தியரை முறியடித்தான். அவனுக்குப்பின் ஆண்ட முதலாம் தாரியஸ் கால்வாயை நிறைவேற்றினான். இரண்டு போர்க்கப்பல்கள் அருகருகே செல்லும் அகலமும் நான்கு நாட் பயண நீளமும் அதற்கு இருந்தன என்பர். கால்வாய்க் கரையில் தாரியஸ் நாட்டிய கல்வெட்டுகளுள் ஒன்று 1866இல் கண்டெடுக்கப்பட்டது. தான் பாரசீகன் என்றும், எகிப்தை வென்றான் என்றும், நைலிலிருந்து கடல்வரை கால்வாய் வெட்டக் கட்டளையிட்டான் என்றும், தான் விரும்பியவாறே கப்பல்கள் சென்றன என்றும் அதில் அவன் பறைசாற்றுகின்றான். கட்டளையிட்டவன் பெயர் கல்லில் நின்றது. மண் சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை.

பிற்காலத்து ஆசிரியர் சிலர், செங்கடலின் மட்டம் எகிப்து நிலத்தினும் உயர்ந்தது என அஞ்சித் தாரியஸ் வேலையைக் கைவிட்டான் என்று எழுதினர். அவ்வச்சம் எளிதில் மாயவில்லை. 1799இல் நெப்போலியனின் பொறியியலாளர் அளந்தபோதும், செங்கடல் மத்தியதரைக் கடலினும் ஏறத்தாழ 10 மீற்றர் உயர்ந்தது என்றே தவறாகக் கணக்கிட்டனர். 1847இல் செய்த அளவையே அப்பிழையை நீக்கியது.

கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாந் தொலமி கால்வாயைப் புதுப்பித்து, கப்பல் செல்லும்போது திறந்து உடனே மூடும் ஒரு தடுப்பையும் அமைத்தான். உரோமப் பேரரசன் திராஜன் காலத்திலோ கால்வாயின் தலை பெலூசியக் கிளையில் இல்லை. அது தெற்கே, இன்றைய கெய்ரோவின் பக்கத்தில், பேராற்றிலேயே அமைந்தது. கிளையில் நீர் குன்றிவந்தமையே இதற்குக் காரணமெனக் கருதுவர்.

அக்கால்வாயைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை லூசியன் என்னும் எழுத்தாளர் கூறுகின்றார். அலெக்சாந்திரியாவில் கல்வி பயின்ற ஓர் இளைஞன் நைல் வழியே செங்கடல் முனையிலுள்ள கிளிஸ்மா வரை சென்றான். அங்கே புறப்படவிருந்த கப்பலொன்றில் ஏறி இந்தியாவுக்கே போய்விட்டான். அவனுடன் அனுப்பப்பட்டிருந்த அடிமைகள் காத்திருந்து, அவன் இறந்தான் என எண்ணி ஊர் திரும்பினர். குறி சொல்லும் ஒருவன், 'அடிமைகளே கொன்றனர்' என்றான். தந்தை அதனை நம்பினார். அடிமைகள் கொடிய விலங்குகளுக்கு இரையாக்கப்பட்டனர். பின்னர் இளைஞன் நலமே திரும்பி வந்தான்! இந்தியாவுக்குச் செல்லும் வழி அவ்வளவு எளிதாகத் திறந்திருந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர் இக்கதையை எடுத்துக்காட்டுவர். அவ்வடிமைகளை நினைப்பவர் சிலரே.

ஆயினும் நம் நாடுகளின் மிளகும் முத்தும் பெரும்பாலும் இவ்வழியாகச் செல்லவில்லை. செங்கடலின் வடபகுதியில் வடகாற்று ஓயாது எதிர்த்து வீசும். கால்வாயிலோ வெள்ளக் காலத்திலேதான் போதிய நீர் இருக்கும். ஆதலால் வணிகர் தெற்கே பெரனிக்கே முதலிய துறைகளில் இறக்கி, ஒட்டகங்களின்மேல் ஏற்றிப் பாலைவனத்தின் ஊடே நைலுக்குக் கொண்டுசென்றனர். அத்துறைகளுள் மற்றொன்றான குசெயிரில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன.

அராபியத் தளபதி அம்ரு ஏழாம் நூற்றாண்டில் கால்வாயைத் தூர்வாரி, பஞ்சத்தில் வாடிய மதீனாவுக்குத் தானியம் அனுப்ப வழிசெய்தார். அவ்வழியை 767இல் கலீபா அல் மன்சூர் அடைத்தார். எதிர்த்தெழுந்த அந்நகருக்கு உணவு சேராதிருத்தற் பொருட்டு என்பர். பெலூசியக் கிளையை அடைக்க எவரும் வேண்டியிருக்கவில்லை. ஆறு கொணர்ந்த வண்டலும் கடலோரத்து மணலும் அதனைச் சிறிது சிறிதாகத் தூர்த்துவிட்டன. துறைமுகமாயிருந்த பெலூசியம் இன்று கடலை விட்டு விலகி, சுயெஸ் கால்வாய்க்குக் கிழக்கே மணல்மேடாய்க் கிடக்கின்றது. 1973இல் ஆராய்ச்சியாளர் இருவர் அம்மணற் சமவெளியில் மறைந்த கிளையின் தடத்தை இனங்கண்டு வெளியிட்டனர்.