பிடிபட்ட லாரியில் தொடங்கிய ராக்கெட்

கிராட் என்ற சோவியத் ராக்கெட் வண்டியில் வேலை பார்த்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் காற்றடித்தால் பீரங்கிக் குண்டு காற்றோடு போகும், ராக்கெட் காற்று வரும் பக்கமாகப் போகும். முதல்முறை கேட்கிற எவனும் நம்ப மாட்டான். தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த உஸ்தாத் ஒரு பென்சிலின் வாலில் அட்டைத் துண்டுகளை இறக்கை மாதிரி ஒட்டி, நடுவில் நூல் கட்டி மின்விசிறிக்கு முன்னால் தொங்கவிட்டார். வாலைக் காற்று தள்ளியது, மூக்கு விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவ்வளவுதான் பாடம்.

122 மி.மீ. கிராட் ராக்கெட் டியூபை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் வினாடிக்கு ஐம்பது மீட்டர் சுமார். இறக்கைகள் அப்போதுதான் விரியும். மோட்டார் எரிவது இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்தச் சமயத்தில் மூக்கு எந்தப் பக்கம் கோணுகிறதோ அந்தப் பக்கமே உந்தித் தள்ளிவிடும். 20 கி.மீ. தள்ளிப் போய் விழும்போது அந்தக் கோணல் சில நூறு மீட்டர் ஆகியிருக்கும். இதற்காகத்தான் பலூன் விட்டுக் காற்றை அளந்து, ரேஞ்ச் டேபிளைப் புரட்டிக் கணக்குப் போடுவோம். கிட்டத்தில் அடிக்க வேண்டுமென்றால் ஃப்யூஸுக்குக் கீழே ஓர் இரும்பு வளையத்தை மாட்டுவோம். சின்ன வளையம், பெரிய வளையம் என்று இரண்டு உண்டு. காற்றுத் தடை கூடி ராக்கெட் முன்னாலேயே இறங்கிவிடும். ராக்கெட்டின் பாதையைத் திருத்த எங்கள் கையில் இருந்த கருவி அந்த வளையம் மட்டும்தான். சரியாக வராதென்று தெரிந்துதான் நாற்பது டியூபையும் இருபது வினாடியில் காலி செய்கிறோம். ஒன்று தப்பினால் இன்னொன்று விழும்.

இந்தக் காற்றுக் கணக்கிலிருந்து வெளியே வந்த நாடுகளில் இஸ்ரேலின் கதையை நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணம், அவர்களும் எங்களைப் போலவே சோவியத் லாரியில்தான் தொடங்கினார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு பரப்புள்ள நாடு அது. ஆயுதத் தொழில் நாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியின்போது 1933-இல் ரகசியமாகத் தொடங்கிய பட்டறைகள்தான் பின்னாளில் இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸ் என்ற அரசு நிறுவனம் ஆயின. அங்குள்ளவர்கள் சுருக்கமாகத் தாஸ் என்பார்கள். ரெஹோவோத் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் அடியில் 1945 முதல் 1948 வரை தோட்டா செய்தார்கள். மேலே சலவைக்கூடமும் ரொட்டிக்கூடமும் ஓடின. சத்தத்தையும் வாசத்தையும் மறைக்க அந்த ஏற்பாடு. நிலத்தடியிலேயே இருந்தால் ஆட்கள் வெளிறிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று புற ஊதா விளக்கு வைத்துத் தோலைக் கருக்கினார்களாம். இருபது லட்சத்துக்கு மேல் 9 மி.மீ. தோட்டா அங்கிருந்து போனது. ராக்கெட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் பின்னால் வந்தவர்களின் சுபாவம் இதில் தெரிகிறது.

1967 ஜூன் போரில் எகிப்தியப் படையிடமிருந்து கைப்பற்றிய தளவாடங்களில் பிஎம்-24 லாரிகள் இருந்தன. கிராடுக்கு முந்தைய தலைமுறை. டியூப் கிடையாது, கம்பிச் சட்டத்தில் பன்னிரண்டு ராக்கெட்டுகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் 240 மி.மீ. தடிமன், நூறு கிலோவுக்கு மேல் எடை, பாய்ச்சல் பத்து கி.மீ. சொச்சம். இறக்கையும் கிடையாது. பின்னால் உள்ள சாய்ந்த துளைகள் வழியாக வாயு வெளியேறும்போது ராக்கெட் தானே பம்பரமாகச் சுழலும், அந்தச் சுழற்சிதான் அதை நிலையாக வைத்திருக்கும்.

பிடித்த வண்டியை அணிவகுப்பில் காட்டிவிட்டு மியூசியத்தில் நிறுத்தலாம். படையில் சேர்க்க வேண்டுமென்றால் ராக்கெட் வேண்டும், மாஸ்கோ கொடுக்காது. அதுவரை போர் விமானம் கொடுத்துவந்த பிரான்சும் 1967-இல் கையை இழுத்துக்கொண்டது, 1969 ஜனவரியில் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது. தாஸ் ஆட்கள் 240 மி.மீ. ராக்கெட்டை உள்ளூரிலேயே செய்தார்கள். 1973 போரிலும் 1982 லெபனான் போரிலும் அந்த லாஞ்சர்கள் சுட்டன. ஒரு ராக்கெட்டைப் பிரித்துப் பார்த்து இன்னொன்று செய்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் எரிபொருள் வார்ப்பைப் பற்றி யோசிப்பதில்லை. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலும் எரியும் பரப்பு கூடி, அழுத்தம் ஏறி, மோட்டார் லாஞ்சரிலேயே வெடிக்கும். ஒவ்வொரு வார்ப்பும் ஒரே மாதிரி எரியவில்லையென்றால் ரேஞ்ச் டேபிளே பொய்யாகிவிடும். அந்தக் கைப்பழக்கம் வந்த பிறகுதான் அவர்கள் சொந்தமாக ராக்கெட் வரைந்தார்கள்.

சொந்த ராக்கெட்டில் முதலாவது, பழைய ஷெர்மன் டாங்கியின் முதுகில் நான்கு 290 மி.மீ. ராக்கெட்டுகளை ஏற்றியது. ஒன்று அறுநூறு கிலோ. 25 கி.மீ. போக நான்கே நான்கு ராக்கெட், ஏற்றுவதற்குக் கிரேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அதை வரைந்தவர்களும் அங்கேயே நிற்கவில்லை.

அடுத்து வந்த லார்-160 தான் சரியான வியாபாரப் பொருள். 160 மி.மீ. தடிமன், பிந்தைய வடிவம் 45 கி.மீ. பாயும். தொழிற்சாலையிலேயே பதின்மூன்று அல்லது பதினெட்டு ராக்கெட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்து மூடிவிடுவார்கள். வண்டிக்காரன் பெட்டியை மாட்ட வேண்டும், சுட்டதும் காலிப்பெட்டியைக் கழற்றிப் போட வேண்டும். 66 கிலோ ராக்கெட்டை ஒவ்வொன்றாகத் தோளில் தாங்கி நாற்பது டியூபில் செருகிய எங்களுக்கு இதன் அருமை புரியும். டாங்கிச் சட்டமானாலும் லாரியானாலும் பெட்டி ஏறும். வெனிசுலா வாங்கியது, அர்ஜென்டினா தன் டாங்கியில் பொருத்திப் பார்த்தது, ருமேனியா தன் கிராட் லாரிகளில் மாட்டிக்கொண்டது. சின்ன நாட்டுக்கு இது ஒரு கட்டாயம். தன் படை மட்டும் வாங்கினால் தொழிற்சாலையின் ஒரு ஷிஃப்டுக்குக்கூட வேலை இருக்காது. வெளியே விற்றால்தான் அடுத்ததை வரையப் பணம் வரும்.

ஆனால் 1990களின் நடுவில் இஸ்ரேலியப் படை அமெரிக்காவின் எம்270 லாஞ்சரை வாங்கியது. பன்னிரண்டு ராக்கெட், 32 கி.மீ., ஒவ்வொன்றின் வயிற்றிலும் 644 சிறு குண்டுகள். எங்கே விழுந்தாலும் ஒரு மைதானத்தையே நிரப்பிவிடும், குறி கொஞ்சம் தப்பினால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஆயுதத்தின் யோசனை. காற்றுக் கோணலை எண்ணிக்கையால் சரிக்கட்டுவது. எங்கள் கிராடும் அதே ஜாதிதான்.

2006-இல் அந்த யோசனையின் பில் வந்தது. லெபனான் போர் முடிந்த அடுத்த மாதமே ஓர் இஸ்ரேலிய ராக்கெட் பிரிவின் தளபதி ஹாரெட்ஸ் நாளிதழிடம் கணக்கைச் சொல்லிவிட்டார். சுமார் 1,800 ராக்கெட்டுகள். 644-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், பதினோரு லட்சத்தைத் தாண்டும். பீரங்கியிலும் விமானத்திலும் போனவற்றையும் சேர்த்து நாற்பது லட்சம் வரை இருக்கலாம், அதில் பத்து லட்சம் வரை வெடிக்காமல் கிடக்கலாம் என்பது ஐ.நா. கண்ணிவெடிப் பிரிவின் மதிப்பீடு. பெரும்பகுதி கடைசி எழுபத்திரண்டு மணி நேரத்தில், போர்நிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு விழுந்தது. ஆகஸ்ட் மாதம், தென் லெபனானில் புகையிலை அறுப்பு நேரம். புகையிலைச் செடிக்கடியிலும் ஆலிவ் கிளையிலும் டார்ச் பேட்டரி அளவுள்ள குண்டுகள் துணி நாடாவோடு தொங்கின. போரில் சாகாதவர்கள் தோட்டத்துக்குப் போய்ச் செத்தார்கள். அதே போரில் ஹெஸ்புல்லா வட இஸ்ரேல் மீது ஏவிய நாலாயிரம் சொச்சம் ராக்கெட்டுகளில் பெரும்பாலானவை 122 மி.மீ. கிராட் வகை. அவையும் ஊர் என்று பார்த்துத்தான் போயின. வீடு, தெரு என்று பார்க்கும் திறன் அவற்றுக்குக் கிடையாது.

இரண்டு வருடம் கழித்து டப்ளினில் சிதறுகுண்டுத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. இஸ்ரேல் கையெழுத்துப் போடவில்லை, அமெரிக்காவும் ரஷ்யாவும் போடவில்லை, நாமும் போடவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட நாடுகளுக்குச் சிறு குண்டு நிரப்பிய ராக்கெட்டை விற்க முடியாது. வேறொன்று வேண்டியிருந்தது.

அந்த வேறொன்றுக்கான வேலை தாஸில் முன்பே தொடங்கியிருந்தது. பாதைத் திருத்த ஏற்பாடு என்று முதலில் செய்தது, மூளையைத் தரையிலேயே வைத்துக்கொண்டு ராக்கெட்டுக்கு உத்தரவு அனுப்புவது. ஒரு தரைநிலையம் ஒரே சமயத்தில் பன்னிரண்டு ராக்கெட்டுகளைப் பின்தொடரும். ஒவ்வொன்றும் போக வேண்டிய பாதைக்கும் போகிற பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சிக்னல் அனுப்பும். நான் மேலே சொன்னது நினைவிருந்தால் இதன் சாமர்த்தியம் விளங்கும். கோணல் நேர்வது ஆரம்பத்தில். அதைச் சீக்கிரமாகவே பிடித்துக் கொஞ்சம் தட்டிவிட்டால் போதும், கடைசிவரை கையைப் பிடித்து நடத்த வேண்டியதில்லை.

பிறகு ஜி.பி.எஸ். மலிவானது. மூளை ராக்கெட்டின் மூக்குக்கே வந்துவிட்டது. அக்யுலார் என்று பெயர் வைத்து 122, 160 மி.மீ. என இரண்டு அளவில் செய்தார்கள். 122 மி.மீ. ராக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். அதே தடிமன், அதே இருபது கிலோ அளவுக் குண்டு, ஆனால் 35 கி.மீ. பாய்ந்து பத்து மீட்டருக்குள் விழும் என்கிறார்கள். நிறுவனம் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் நாங்கள் நாற்பது ராக்கெட்டில் செய்ததை இரண்டில் முடித்துவிடலாம். இதன் அண்ணன்மார் எக்ஸ்ட்ரா 306 மி.மீ., 150 கி.மீ.; பிரிடேட்டர் ஹாக் 370 மி.மீ., 300 கி.மீ. அந்த 300 தற்செயல் அல்ல. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு 1987-இல் போட்ட கோடு அது. இஸ்ரேல் அதில் உறுப்பினர் இல்லையென்றாலும் அதன் விதிகளைப் பின்பற்றுவதாகச் சொல்கிறது. விற்க நினைக்கிறவன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பான்.

நான்கு அளவையும் ஒரே லாரி ஏந்தும். பல்ஸ் என்ற லாஞ்சரில் இரண்டு பெட்டி. சின்ன அக்யுலார் என்றால் பெட்டிக்குப் பதினெட்டு, பெரியது பத்து, எக்ஸ்ட்ரா நான்கு, பிரிடேட்டர் ஹாக் இரண்டு. 2018-இல் எல்பிட் என்ற தனியார் நிறுவனம் தாஸை ஐம்பது கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொண்டது. டென்மார்க் தன் பிரெஞ்சு பீரங்கிகளை 2023-இல் மொத்தமாக உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டு எட்டு பல்ஸ் வாங்கியது. அவசரத்தில் பாராளுமன்றத்துக்குத் தவறான தகவல் போய், அமைச்சர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே வருடம் நெதர்லாந்து இருபது வாங்கியது.

பழைய லார்-160 போன இடங்களையும் சொல்லியாக வேண்டும். 2008-இல் ஜார்ஜியா அதை ரஷ்யப் படை மீது சுட்டது. ஒரு ராக்கெட்டில் 104 சிறு குண்டுகள். கோரி நகரைச் சுற்றிய ஜார்ஜியாவின் சொந்தக் கிராமங்களில் அவை கிடந்ததை மனித உரிமைக் குழுவினர் ஆவணப்படுத்தினார்கள். 2020-இல் நாகோர்னோ-கராபாக்கின் ஸ்டெபனகெர்ட் நகரக் குடியிருப்புகளில் மறுபடியும். புதிய ராக்கெட் பத்து மீட்டருக்குள் விழும் என்ற பெருமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய சரக்கு ஞாபகம் வரும். அது எந்தக் கிடங்கிலிருந்தும் தானாக மறைந்துவிடாது. துல்லியமானதும் யாரோ கொடுத்த ஆயத்தொலைவில்தான் விழுகிறது. அங்கே யார் இருக்கிறார்கள் என்பது மூக்கில் உள்ள சில்லுக்குத் தெரியாது.

ஜி.பி.எஸ். ஒன்றும் தெய்வவாக்கும் அல்ல. 2023 அக்டோபருக்குப் பிறகு வட இஸ்ரேலில் அரசே அந்தச் சிக்னலைக் குழப்பியது, ஹைஃபாவில் கார் ஓட்டுகிறவரின் போன் அவர் பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டியது. அதனால்தான் ராக்கெட்டுக்குள் வெளிச் சிக்னல் இல்லாமலே திருப்பத்தை உணரும் ஜைரோவும் சேர்த்து வைக்கிறார்கள். 35 கி.மீ. போகிறவனுக்கு அது தாக்குப்பிடிக்கும். நேரம் நீள நீள ஜைரோவின் பிழையும் நீளும் என்பதால் 300 கி.மீ. போகிறவனுக்குத்தான் தொல்லை.

இந்த ராக்கெட்டுகளின் ஊரைப் பற்றியும் கொஞ்சம். டெல் அவீவுக்கு வடக்கே ராமத் ஹஷரோனில் தாஸ் பல பத்தாண்டுகள் இருந்தது. திட எரிபொருளில் ஆக்சிஜன் தருவது அம்மோனியம் பெர்க்ளோரேட் என்ற உப்பு. தண்ணீரில் சுலபமாகக் கரையும், கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிட்டால் எளிதில் அழியாது, தைராய்டு அயோடின் எடுப்பதைத் தடுக்கும். அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் அது கலந்துவிட்டது, கிணறுகளை மூடினார்கள். இப்போது அந்த நிலத்துக்குத் தங்க விலை, ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டம். தாஸை விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆலைகளைத் தெற்கே நெகெவ் பாலைவனத்தில் ராமத் பெக்காவுக்கு மாற்றுகிறார்கள். அங்கே ஏற்கெனவே பெதுயின் மக்களின் ஊர்கள் இருக்கின்றன. வெடித்தால் என்ன ஆகும், எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.