கடுகு விற்ற கிரேஸும் திண்டுக்கல் சுருட்டும்

கிரிக்கெட் ஆடுகிறவர் சிமென்ட் விற்கிறார், செல்போன் விற்கிறார், சட்டைத்துணி விற்கிறார். "எல்லாம் டி.வி. வந்தபிறகு பிடித்த வியாதி, அந்தக் காலத்தில் ஆட்டம் ஆட்டமாக இருந்தது" என்று எங்கள் கீரனூர்ப் பக்கம் என் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. விக்டோரியா மகாராணி காலத்திலேயே கிரிக்கெட்டும் கடைத்தெருவும் சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன.

விஸ்டன் என்ற ஆண்டு மலரைக் கிரிக்கெட்டின் வேதம் என்பார்கள். அதை ஆரம்பித்த ஜான் விஸ்டன் குள்ளமான உருவம் கொண்ட வேகப்பந்து வீச்சாளர். 1850-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் பத்துப் பேரையும் ஸ்டம்ப் தெறிக்க அவுட்டாக்கியவர். ஆடிக்கொண்டிருந்தபோதே, 1855-ல், லண்டனில் கிரிக்கெட் சாமான் கடை வைத்தார். 1863-ல் ஆட்டத்தை விட்டார். மறு வருஷமே, 1864-ல், முதல் மலர் வந்தது. 112 பக்கம், விலை ஒரு ஷில்லிங். பக்கத்தை நிரப்பக் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் பட்டியல், கால்வாய்களின் நீளம் எல்லாம் அதில் உண்டு. நம் பஞ்சாங்கம் போலத்தான். வீட்டில் வருஷம் முழுக்கக் கிடக்கும் புத்தகத்தின் அட்டையில் கடையின் பெயர் இருந்தால் அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்?

அப்போது விளம்பரத் தொழிலுக்கு நல்ல காலம் பிறந்திருந்தது. இங்கிலாந்தில் 1853-ல் பத்திரிகை விளம்பரத்தின் மீதிருந்த வரி போயிற்று. 1855-ல் பத்திரிகை முத்திரை வரியும், 1861-ல் காகித வரியும் போயின. பத்திரிகை மலிவாயிற்று. ரயில் வந்ததால் ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள், சரக்கும் போயிற்று. ஆட்டத்தின் சட்டமும் கடைக்காரருக்கு உதவியது. 1835-ல் கையைத் தோள் உயரம் வரை தூக்கி வீசலாம் என்றார்கள். 1864-ல் தலைக்கு மேலேயே தூக்கலாம் என்றார்கள். பந்து வேகமாக வர வர, காலுக்குப் பேட், கைக்கு உறை என்று வாங்க வேண்டிய சாமான் கூடிக்கொண்டே போயிற்று.

இங்கிலாந்து அணி முதன்முதலாக ஆஸ்திரேலியா போனதும் வியாபாரத்தால்தான். மெல்போர்னில் ஓட்டல் நடத்திய ஸ்பியர்ஸ், பாண்ட் என்ற இரண்டு பேர், சார்லஸ் டிக்கன்ஸைக் கூட்டிவந்து கதை படிக்க வைக்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. கிரிக்கெட் அணியைக் கூட்டிவந்தார்கள். அது 1861-62.

தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் கதை இன்னும் சுவாரசியம். கோல்மன் கம்பெனியின் கடுகுப்பொடி விளம்பரத்தில் அவர் படம் வந்தது. கிரேஸ் மைதானத்தில் முன்னால் நிற்பதுபோல் இந்தக் கடுகு சந்தையில் முன்னால் நிற்கிறது என்பது அதன் கருத்து. ஆனால் கணக்குப்படி கிரேஸ் சம்பளம் வாங்காத "ஜென்டில்மேன்". 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் பெற்றது 3,000 பவுண்டு. 1895-ல் டெய்லி டெலிகிராப் பத்திரிகை வாசகர்களிடம் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கேட்டு நிதி திரட்டியது. மற்ற வசூல்களையும் சேர்த்து 9,000 பவுண்டுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

கூலிக்கு ஆடியவர்கள் நிலைமை வேறு. அடுத்த வருஷம், 1896-ல், ஓவல் டெஸ்டுக்கு முன்னால் ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் 10 பவுண்டுக்குப் பதிலாக 20 பவுண்டு கேட்டார்கள். கிடைக்கவில்லை. மூன்று பேர் இறங்கிவந்து ஆடினார்கள். லோமனும் வில்லியம் கன்னும் ஆடவில்லை. இந்த வில்லியம் கன்தான் 1885-ல் நாட்டிங்காமில் கன் அண்ட் மூர் மட்டைக் கடையைத் தொடங்கிய கூட்டாளி. சொந்தக் கடை இருந்தவருக்கு "முடியாது" என்று சொல்லக் கொஞ்சம் தெம்பு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1896-ல் நம் நாட்டு ரஞ்சித்சிங்ஜி, மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டில் 62-ம், ஆட்டமிழக்காமல் 154-ம் அடித்தார். உடனே கடைத்தெரு அவர் பெயரைப் பிடித்துக்கொண்டது. ரஞ்சி மட்டை மட்டுமல்ல, ரஞ்சி தீப்பெட்டி, ரஞ்சி நாற்காலி, முடி வளரும் தைலம்கூட வந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மைதானத்தில் அவர் நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்த நாட்டில், கடை அலமாரியில் அவர் பெயருக்கு மட்டும் தடையில்லை.

நம் சென்னையில் 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 1888-ல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். நம்மவர்களும் முறையான மட்டை, பந்து, வெள்ளை உடையோடு ஆடவேண்டும் என்று பாடுபட்டவர் அவர். சாமான் விலை சாமானியர் கைக்கு எட்டாத காலம். வசதி உள்ள ஒருவர் முன்வராவிட்டால் ஆட்டமே இல்லை.

திண்டுக்கல்லுக்கு வருகிறேன். 1896-ல் இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனி சிகரெட் பெட்டிக்குள் கிரிக்கெட் வீரர் பட அட்டைகளை வைத்து விற்றது. ஆட்டக்காரன் முகத்தால் புகையிலை விற்ற கதை இது. நம் புகையிலைக்கு முகம்கூடத் தேவைப்படவில்லை, ஊர்ப்பெயரே போதுமாக இருந்தது. ஆனால் அது நம் ஊர்ப்பெயர் இல்லை! லண்டனில் "டிரிச்சினாபொலி" சுருட்டு என்றால் தனி மவுசு. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் துப்பாக வருகிறது. அந்தச் சுருட்டுக்கான இலை பெரும்பாலும் விளைந்தது நம் திண்டுக்கல் சுற்றுவட்டாரக் காட்டில். சென்னை ஸ்பென்ஸர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே இருந்தது.

விளம்பரம் பொய் சொல்கிறது என்பதல்ல என் குறை. கிரேஸ் பெரிய ஆட்டக்காரர்தான், கோல்மன் கடுகும் காரமாகத்தான் இருந்திருக்கும். பெயர் இருப்பவனுக்குப் பணம் சேர்கிறது. கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் புகையிலை வளர்த்தவனும், பலகை முன்னால் உட்கார்ந்து சுருட்டு சுற்றியவனும் பெட்டியின் மேல் எங்குமே இல்லை. ஊர்ப்பெயர்கூடப் பக்கத்து ஜில்லாவுக்குப் போய்விட்டது.

அடுத்த முறை டி.வி.யில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வந்தால், கலிகாலம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இது நம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சங்கதி. அந்தப் பொருளைச் செய்தவர் யார், எந்த ஊர் என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் போனில் தேடியாவது சொல்லட்டும்.