நாய்க்கும் சேவலுக்கும் நட்ட கல்



சிதம்பரத்தில் நான் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. நாள்தோறும் கீழவீதி முனை வரையில் அது என்னுடன் வரும்; மாலையில் அவ்விடத்திலேயே காத்து நிற்கும். அது இறந்தபோது கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். அதன் கழுத்து மணியை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைக் கண்ட உறவினர் ஒருவர், “ஒரு நாய்க்கா இத்தனை துக்கம்?” என்று நகைத்தார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்க் கல்வெட்டுகளைப் பயிலத் தொடங்கியபோதுதான் அவ்விடை கிடைத்தது.

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழர் மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இப்பெருமையை நம் முன்னோர் மனிதனுக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை என்பதே வியப்பு.

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்தது. அதில் விழுப்புரத்தைச் சேர்ந்த பகுதியில் அரசலாபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்கே கிடைத்த கல் ஒன்றில் ஒரு சேவலின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட கோழி அது என்பதை அதன் எழுத்துகள் அறிவிக்கின்றன. காலம் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டு. ஒரு சேரியின் மானத்தைத் தன் காலில் சுமந்து நின்ற பறவையை அவ்வூரார் மறக்க மனங்கொள்ளவில்லை.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அங்கே இருக்கிறது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் உயிர் நீத்தான். அவனுடன் இருந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. கல்லில் தலைவனுடன் நாயும் நிற்கிறது. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது.

அண்டை நாடாகிய கன்னடத்திலும் இவ்வழக்கம் உண்டு. கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். திருநாவலூரைச் சூழ்ந்த திருமுனைப்பாடி நாட்டில் படையுடன் தங்கியிருந்தவன் அவன். அப்போரில் எதிர்ப்பக்கம் நின்று வீரம் காட்டிய மணலேரன் என்பானை நோக்கி, வேண்டியதைக் கேள் என்றான் கங்க மன்னன் பூதுகன். மணலேரன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை! பின்னர் அந்நாய் காட்டுப் பன்றியொன்றுடன் பொருது, இரண்டும் ஒருங்கே மடிந்தன. அதற்காக ஆதகூரில் கல் நட்டு நிலமும் அளித்தனர். அக்கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இக்கற்கள் நமக்கு உணர்த்துவது யாது? உருவம் மட்டும் இருந்திருப்பின், அவை ஏதோ ஒரு நாய், ஏதோ ஒரு சேவல் என்றே நின்றிருக்கும். எழுத்து உடனிருந்தமையால்தான் கோவிவன் செய்த காவலை 1,300 ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் நாம் பேசுகிறோம். எழுத்தின்றி நிற்கும் நடுகற்களும் பல. அவற்றின் கதையை இனி எவரும் சொல்லவியலாது.

அண்மையில் என் பேரன் அந்த மணியைக் கையில் எடுத்து, “இது எந்த மாட்டின் மணி?” என்று கேட்டான். திடுக்கிட்டேன். இத்தனை ஆண்டுகள் போற்றி வைத்தும், நானும் எழுத்தில்லாத கல்லைத்தான் காத்து வந்திருக்கிறேன்! அன்றிரவே ஒரு துண்டுத் தாளில் நாயின் பெயரையும், கீழவீதி முனையில் அது காத்து நின்றதையும் எழுதி மணியுடன் கட்டி வைத்தேன்.

நண்பர்களே, உங்கள் ஊர் வயலோரத்தில் உருவம் பொறித்த கல் ஏதேனும் கிடந்தால், அதைத் துணி துவைக்கும் கல்லாக்க விடாதீர்கள். அதில் எழுத்து உண்டா என்று குனிந்து பாருங்கள். அங்கே ஒரு கோவிவன் நம்மை எதிர்நோக்கி நிற்கக்கூடும்.