அறுபது படியும் ஒரு அப்பீலும்

போன வாரம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். "மாமா, ஸ்டூடண்ட் விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு." அதுக்கப்புறம் சத்தமே இல்ல. சீட் கிடைச்சு, பேங்க் லோனும் சாங்ஷன் ஆகி, அக்கா அர்ச்சனை கூட பண்ணி முடிச்சாச்சு. எந்த நாடுன்னு இங்க வேணாமே.

சாயங்காலம் நேர்லயே வந்துட்டான். சுவாமிமலை கோயில் படியேறி கும்பிட்டுட்டு வெளியில உக்காந்தோம். "இதுக்கு அப்பீல் கிடையாதா மாமா? யார்கிட்ட போய் கேக்கறது?"

அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன ஊர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு பதில் தெரியல. வீட்டுக்கு வந்து தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல நம்ம பக்கத்து ஊர்க்காரர், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு ராமானுஜன். கல்லூரி உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. பாஸ் பண்ணாதவர். 1913 ஜனவரியில ஹார்டிக்கு எழுதின கடிதம்தான் அவரோட அப்பீல்! 1914 மார்ச் 17-ல சென்னையில நெவாசா கப்பல் ஏறி, ஏப்ரல் 14-ல லண்டன் போயிட்டார். செலவுக்குப் பணம் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. கவனிங்க, விசான்னு ஒண்ணு அவர் கேக்கவே இல்ல. பிரிட்டிஷ் பிரஜை, பாஸ்போர்ட்டே கட்டாயம் இல்லாத காலம். கடல் தாண்டக்கூடாதுங்கற ஆசாரத்தைத் தாண்டினா போதும்.

ஆனா எல்லாருக்கும் கதவு அப்படித் திறக்கல. ராமானுஜன் லண்டன்ல இறங்கின ஆறு வாரத்துக்குள்ள, மே 23-ல, கோமகட்டா மாரு கப்பல் கனடாவோட வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேருது. 376 பயணிகள். பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள். அவங்களும் அதே பிரிட்டிஷ் பிரஜைகள்தான். ஆனா கனடாவுல 1908-லயே ஒரு விதி போட்டிருந்தாங்க: சொந்த நாட்டுலேர்ந்து இடைநிக்காம நேரா வந்திருக்கணும், கையில 200 டாலர் இருக்கணும். 'இந்தியர்'னு ஒரு வார்த்தை கூட அதுல இல்ல. ஆனா இடைநிக்காம வர்றதுக்குக் கப்பல் ஏது? யாரைக் குறிவெச்ச விதின்னு புரியுதில்ல?

இவங்க சும்மா இருக்கல. முன்ஷி சிங்னு ஒரு பயணி பேர்ல கேஸ் போட்டாங்க. ஜூலையில பிரிட்டிஷ் கொலம்பியா அப்பீல் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகளும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஜூலை 23-ல கப்பலைத் திருப்பி அனுப்பினாங்க. கல்கத்தா பக்கத்துல பட்ஜ்பட்ஜ்ல இறங்கினப்ப நடந்த துப்பாக்கிச் சூட்டுல சுமார் 20 பேர் செத்துப்போனாங்க. 2016-ல கனடா பிரதமர் பார்லிமெண்ட்ல மன்னிப்பு கேட்டார். நூறு வருஷம் கழிச்சு...

அதுக்கப்புறம்தான் காகிதம் வருது. 1917-ல போர்க்கால விதிகளால இந்தியாவுல பாஸ்போர்ட் கட்டாயமாச்சு, 1920-ல சட்டமாச்சு. சுதந்திரத்துக்கு அப்புறமும் பாஸ்போர்ட் தர்றதும் தராததும் சர்க்கார் இஷ்டம்தான். 1967-ல சத்வந்த் சிங் சாஹ்னி வழக்குல, வெளிநாடு போறது தனிமனித சுதந்திரத்துல சேர்ந்ததுன்னு உச்ச நீதிமன்றம் 3-2-ன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதே வருஷம் வந்த பாஸ்போர்ட் சட்டத்துல, மறுத்தா காரணத்தை எழுதித் தரணும், அதுக்கு அப்பீலும் உண்டுன்னு வந்தது (சில விதிவிலக்குகள் தவிர).

சரி, அது நம்ம வீட்டு வாசல். விசாங்கறது அடுத்த வீட்டு வாசலாச்சே! அங்க ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டன் 1969-ல அப்பீல் உரிமை கொடுத்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுருக்கி, 2014 சட்டத்துல பெரும்பாலும் எடுத்துட்டாங்க. இப்போ வெளிநாட்டுலேர்ந்து விண்ணப்பிச்ச மாணவர் 28 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், ஆனா பார்க்கறதும் அதே துறைதான். அமெரிக்காவுல 1952 சட்டப்படி, மாணவர் விசா கேக்கறவர் அங்கேயே தங்கப்போறவர்னுதான் முதல்ல எடுத்துக்குவாங்க. இல்லேன்னு நாமதான் நிரூபிக்கணும். நிராகரிச்சா அப்பீல் கிடையாது, திரும்ப பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அன்னிக்கு கப்பலைத் திருப்பின கனடாவுலதான், இன்னிக்கு 60 நாளுக்குள்ள ஃபெடரல் கோர்ட்ல அனுமதி கேட்டு வழக்கு போட வழி இருக்கு. காலம் பண்ற வேடிக்கை :-)

இதையெல்லாம் பையன்கிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரி மாமா, இப்ப நான் என்ன பண்ணட்டும்?"னான். நியாயமான கேள்வி. நிராகரிச்ச கடிதத்தை எடுத்து வரி வரியா படிச்சோம். கோவத்துல ஒருதடவைக்கு மேல அதை அவன் படிக்கவே இல்ல. பணம் எங்கேர்ந்து வருதுன்னு சரியா காட்டலைன்னு இருந்தது. லோன் பேப்பர்ல பாதிதான் வெச்சிருக்கான். அதைச் சரி பண்ணி திரும்ப விண்ணப்பிக்கப் போறான்.

ராமானுஜனும் முதல் கடிதத்துலயே ஜெயிக்கல. ஹார்டிக்கு முன்னாடி எழுதின ரெண்டு பேராசிரியர்கள்கிட்டேர்ந்து உதவி வரல. மூணாவதுதான் பலிச்சது. அக்கா மறுபடியும் அர்ச்சனைக்குக் கிளம்பியாச்சு. அறுபது படியையும் இன்னொரு தடவை ஏறணும், அவ்வளவுதானே.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லைங்கோ. விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், கடைசித் தேதியை நீங்களே ஒருதடவை சரிபார்த்துக்குங்க.