கிடாரத்தரையன்: அசை பிரியும் இடமும் சொல் பிரியும் இடமும்

கெடாவில் தோட்டப் பள்ளியொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், மாணவன் ஒருவன் 'கிடாரத்தரையன்' என்னும் சொல்லைக் 'கிடாரத்' என நிறுத்தித் 'தரையன்' எனப் படித்தான். "ஐயா, தரையன் என்பவர் யார்?" என்றும் வினவினான். வகுப்பு நகைத்தது, எனக்கோ நகைக்கத் தோன்றவில்லை. அவன் செவி பிழைபடவில்லை அன்றோ!

அச்சொல் பெரிய இலெய்டன் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் வருவது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியைக் கூறும் அவ்வேடு, விகாரம் எடுப்பித்த கடாரத்து மன்னனை இவ்வாறு சுட்டுகிறது. கடாரம் இன்றைய கெடாவே என்பர் அறிஞர் பலர்.

அலகிட்டுப் பார்ப்போம். கிடா, ரத், தரை, யன்: நிரை, நேர், நிரை, நேர். மாணவன் நிறுத்திய இடம் அசை பிரியும் இடமே. சொல் பிரியும் இடமோ வேறு. கிடாரம் என்னும் மகர ஈற்றுச் சொல் அத்துச் சாரியை பெற்று அரையனோடு புணர்ந்தது. அத்தின் ஈற்று உகரம் கெட, எஞ்சிய தகரமெய் அரையனின் அகரத்தோடு கூடித் 'த' ஆயிற்று. ஓர் எழுத்திற்குள்ளேயே இரு சொற்களும் கலந்துவிட்டன.

1025இல் கடாரத்தின்மேல் படை செலுத்திய இராசேந்திரனின் 'கடாரங்கொண்டான்' என்னும் பட்டத்தில் இச்சிக்கல் இல்லை. கடா, ரங், கொண், டான் எனப் பிரிக்குங்கால், அசையும் சொல்லும் ஓரிடத்தே பிரிகின்றன. மகரம் ஙகரமாகத் திரிந்து இரு சொற்களையும் பிணைக்கிறது.

நார்வே மொழியிலும் தொகைச்சொல்லைச் சேர்த்தே எழுதுவர்; ஒலியழுத்தம் பெரும்பாலும் முதற்சொல்லில் விழும். 'புகையற்றது' எனப் பொருள்படும் தொகையைப் பிரித்தெழுதினால், 'தாராளமாகப் புகைபிடி' என்றாகிவிடுமாம்! தொல்காப்பியரோ தொகையில் பொருள் நிற்கும் இடத்தை ஆராய்ந்தார்; முன்மொழி, பின்மொழி, இருமொழி, அன்மொழி என நான்காக வகுத்தார். மலாயில் 'சுங்கை' என்னும் ஆறு முன்னே நிற்கும். உழவரைக் குறிக்கும் 'பெத்தானி' பின்னே வரும். தமிழிலோ 'உழவர் ஆறு' என ஆறு பின்னே வரும். நம் முன்னோர் பெத்தானியைப் 'பட்டாணி' ஆக்கிச் சுங்கை பட்டாணி எனத் தம் நாவிற்கு இசைவித்துக்கொண்டனர்.

'பால்மரக்காடு' என்று பிழையின்றிச் சொல்லும் தோட்டத்துப் பிள்ளைக்குப் புணர்ச்சி புதிதன்று. அதன் பெயரே புதிது. ஆசிரியப் பெருமக்களே, நூற்பாவை மனப்பாடம் செய்விக்குமுன் பிள்ளையின் வாய்ச்சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். பிரிக்கத் தெரியாதவனுக்குக் கடாரத்து அரசன், யாரோ ஒரு தரையனாகவே இருந்துவிடுவான்.