கமராவும் தொப்பியும்

புதிதாகத் தொழிலுக்கு வரும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் சம்பளம் கிடைத்ததும் முதலில் வாங்குவது, உடம்பெல்லாம் பைகள் வைத்துத் தைத்த கையில்லா மேலங்கியைத்தான். அதிலும் பலர் தெரிவுசெய்வது காக்கி நிறத்தையே. அந்த நிறத்தைக் கண்டால் எனக்கு இன்றும் நெஞ்சு சற்றே படபடக்கும். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

படமெடுப்பவர் என்ன உடுத்துவது என்பதைத் தொடக்கத்திலிருந்தே கமராதான் தீர்மானித்து வந்திருக்கிறது. 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தட்டை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். அக்கரைசல் பட்ட துணியும் தோலும் வெளிச்சத்தில் கறுத்துவிடும். சவர்க்காரத்துக்கு அக்கறை அசையாது. ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் கரிய உடையில், இரசாயனக் கறையும் நெடியுமாகவே காணப்பட்டார் என அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் நமது மலையகத்தில் காலமானவர் அவர். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

தொப்பியின் கதை வேறு. முக்காலியில் நின்ற பெட்டிக் கமராவுக்குக் கறுப்புத் துணியே தலைக்கவசம். அதற்குள் நுழைய அகன்ற விளிம்புத் தொப்பியைக் கழற்றியே ஆகவேண்டும். 1929இல் வந்த றொலிஃபிளெக்ஸ் கமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்ப்பார்கள். அங்கே தொப்பி விளிம்பு கண்ணாடித் திரைக்கு நிழல் தந்து உதவியது. ஆனால் 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவைப் போன்று கண்ணோடு வைத்துப் பார்க்கும் கமராக்கள் பரவியபோது, அதே விளிம்பு இடைஞ்சலாயிற்று. 1944இல் நோர்மண்டியில் லீ மில்லர் அணிந்த இரும்புத் தொப்பியின் முன்புறம் மேலே தூக்கித் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது; கமரா முகத்தோடு ஒட்டவேண்டுமல்லவா!

இனி அந்தக் காக்கி. தொண்ணூறுகளில் வடக்கில் செய்தி சேகரித்துத் திரும்பும் வழியில், சோதனைச்சாவடியொன்றில் எங்களை இறக்கினார்கள். என்னுடன் வந்த நண்பரின் மேலங்கிதான் காரணம். வலப்பக்கப் பைகளில் புதுப் பிலிம், இடப்பக்கத்தில் எடுத்து முடித்தவை என்று அவர் ஒழுங்காக அடுக்கியிருந்தார். புடைத்த அப்பைகள் தூரத்துப் பார்வைக்குத் தோட்டாப் பைகளாகத் தெரிந்தனவாம். மூன்று மணிநேரம் வெயிலில் நின்றோம். சந்தேகம் தீர்வதற்காக இடப்பக்கப் பிலிம் உருளைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் உழைப்பு வெளிச்சம் பட்டு அழிந்தது. துப்பாக்கி நீட்டியவரின் விரல் நடுங்கியதை நினைத்தால், பிலிமோடு போயிற்றே என்றுதான் தோன்றுகிறது.

டிஜிட்டல் கமரா வந்தபின், நூற்றுக்கணக்கான படங்கள் நகமளவு அட்டையில் அடங்கிவிடுகின்றன. அத்தனை பைகளுக்கு இப்போது வேலையில்லை. ஆயினும் மேலங்கி போகவில்லை; அதை அணிந்தவருக்குக் கூட்டத்தில் வழி கிடைக்கிறது போலும்.

நண்பர் ஊர் திரும்பியதும் அதைக் கழற்றி எறிந்தார். வெள்ளைச் சேட்டொன்றின் உட்புறத்தில் தையற்காரரைக் கொண்டு இரண்டு பைகள் வைத்துக்கொண்டார். தொப்பியை மட்டும் விடவில்லை. கமராவை உயர்த்துமுன் விளிம்பைப் பிடரிப்பக்கம் திருப்பிவிடுவார்.